கேட்டுக் கேட்டுக் கற்ற மொழி: சாம்பா பிறந்த கதை

வீட்டில் ஒரு விண்டோஸ் லேப்டாப், ஒரு லினக்ஸ் கணினி, ரவுட்டருக்குப் பக்கத்தில் ஹார்ட் டிஸ்க் போட்ட ஒரு சேமிப்புப் பெட்டி. மூன்றும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன. மூன்றிலும் இணையம் ஓடுகிறது. ஆனால் ஒன்றில் இருக்கும் கல்யாணப் படங்களை இன்னொன்றில் திறக்கப் போனால், அந்தக் கணினியே கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிந்தால் கடவுச்சொல் கேட்கிறது. கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தாலும் அனுமதி இல்லை என்கிறது. அரை மணி நேரம் போராடிவிட்டு, பலரும் பென் டிரைவைத் தேடப் போய்விடுகிறார்கள்.

விண்டோஸ் அல்லாத கணினிகள் விண்டோஸோடு கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் கட்டற்ற மென்பொருளின் பெயர் சாம்பா. லினக்ஸ் கணினிகளிலும், வீட்டு உபயோகத்துக்கு விற்கும் சேமிப்புப் பெட்டிகள் பலவற்றிலும் அதுதான் உள்ளே உட்கார்ந்து வேலை செய்கிறது. எந்த நிறுவனமும் திட்டம் போட்டு அதை உருவாக்கவில்லை. வெவ்வேறு கணினிகள் ஒன்றோடொன்று பேசவில்லை என்ற சிக்கலைத் தீர்க்க உட்கார்ந்த ஒரு மாணவரின் கையில் பிறந்தது. அது பிறந்த விதம் தெரிந்தவருக்கு, அது மக்கர் செய்யும்போது எங்கே பார்ப்பது என்பதும் தெரிந்துவிடும்.

முன்கதை: 1983

சாம்பா பேசும் மொழி சாம்பாவைவிட மூத்தது. 1983இல் ஐபிஎம் தன் பிசிக்களை இணைக்க ஒரு சிறிய வலையமைப்பை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதற்காக சைடெக் என்ற நிறுவனம் எழுதியது நெட்பயாஸ். அதன் மேல் ஓடிய கோப்புப் பகிர்வு மொழியை வடிவமைத்தவர் ஐபிஎம்மில் இருந்த பேரி ஃபைகன்பாம். அதற்கு எஸ்எம்பி, அதாவது சர்வர் மெசேஜ் பிளாக், என்று பெயர். டாஸ் நிரல் ஒன்று, தன் சொந்த வட்டில் இருக்கும் கோப்பைத் திறக்கிறோம் என்று நினைத்தே கட்டளையிடும். அந்தக் கட்டளை கம்பி வழியே போய் வேறொரு கணினியின் வட்டில் நிறைவேறும். நிரலை மாற்றி எழுத வேண்டியதில்லை. இதுதான் அதன் அடிப்படை எண்ணம்.

நெட்பயாஸ் ஒரே அறைக்கும் ஒரே அலுவலகத்துக்கும் என்று செய்யப்பட்டது. அங்கே பெயர்களைப் பார்த்துக்கொள்ளத் தனி அதிகாரி கிடையாது. கணினி விழித்தவுடன் தன் பெயரை எல்லோருக்கும் கேட்கும்படி அறிவிக்கும். யாரும் மறுக்காவிட்டால் அந்தப் பெயர் அதற்குச் சொந்தம். பெயருக்கு 16 பைட் இடம். அந்தக் கணினி என்ன சேவை செய்கிறது என்பதைச் சொல்லக் கடைசி பைட்டைப் பின்னாளில் மைக்ரோசாஃப்ட் ஒதுக்கியது. ஆகவே பெயருக்கு மிஞ்சுவது 15 எழுத்துகள். இன்றும் கணினிக்கு நீளமான பெயர் வைத்தால் நெட்பயாஸ் பெயர் 15 எழுத்தோடு வெட்டுப்படுவது இந்தப் பழைய முடிவினால்தான். முதல் 15 எழுத்தும் ஒன்றாக இருக்கும்படி இரண்டு கணினிகளுக்குப் பெயர் வைத்தால், அவற்றுள் ஒன்று அந்தப் பெயரால் நெட்பயாஸில் தலைகாட்டாது.

எஸ்எம்பி மொழியை மைக்ரோசாஃப்ட் எடுத்துக்கொண்டு, லேன் மேனேஜர் என்ற தன் வலையமைப்பு மென்பொருளில் வளர்த்தது. டிஜிட்டல் ஈக்விப்மென்ட் கார்ப்பரேஷனும் பாத்வொர்க்ஸ் என்ற பெயரில் அதையே விற்றது. வெளியே பெயர் வேறு, உள்ளே பேச்சு ஒன்று. இது வெளியில் எல்லோருக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்தத் தெரியாமைதான் கதையை நகர்த்துகிறது.

கான்பெரா, டிசம்பர் 1991

ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் அப்போது கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்ட மாணவர். அவருடைய மேசையில் டாஸ் ஓடும் ஒரு பிசி. துறையில் இருந்த சன் நிறுவனத்தின் யூனிக்ஸ் கணினிகளின் வட்டுகளை அவர் பிசி-என்எஃப்எஸ் என்ற மென்பொருள் வழியே பயன்படுத்திவந்தார். அதில் அவருக்குக் குறை இல்லை.

அந்த டிசம்பரில் யூனிக்ஸ் கணினியின் சாளரங்களைப் பிசியில் காட்டும் எக்ஸ்கர்ஷன் என்ற டிஜிட்டல் நிறுவன மென்பொருள் சோதனைக்காக வந்தது. அது பாத்வொர்க்ஸ் வலையமைப்போடு மட்டுமே ஓடும். பாத்வொர்க்ஸை ஏற்றினால் பிசி-என்எஃப்எஸ்ஸை விட வேண்டும். பாத்வொர்க்ஸ் சர்வரோ டிஜிட்டல் நிறுவனத்தின் சொந்தக் கணினிகளுக்கு மட்டும்தான் கிடைத்தது. அதாவது புதிய மென்பொருளைச் சோதிக்க வேண்டுமென்றால், சன் கணினிகளில் இருக்கும் தன் கோப்புகளை அவர் கைவிட வேண்டும்.

அவர் நிர்வகித்துவந்த கணினிகளில் அல்ட்ரிக்ஸ் என்ற யூனிக்ஸ் ஓடும் டிஜிட்டல் கணினி ஒன்றும் இருந்தது. அதில் பாத்வொர்க்ஸ் சர்வர் ஓடும். பிசி அதோடு என்ன பேசுகிறது என்று கேட்டால், அதே பேச்சை சன் கணினிக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம் அல்லவா? அதுவரை அவர் வலையமைப்பு நிரல் ஒன்றுகூட எழுதியதில்லை. எடுத்துக்காட்டு நிரல்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, சாக்ஸ்பை என்று ஒன்றை எழுதினார். பிசிக்கும் சர்வருக்கும் இடையே நின்று, இரண்டு பக்கமும் போகிற ஒவ்வொரு பைட்டையும் அது பதிவு செய்தது.

பிறகு டர்போ சியில் சின்னச் சின்ன நிரல்கள் எழுதினார். ஒன்று கோப்பைத் திறக்கும், ஒன்று படிக்கும், ஒன்று அடைவை மாற்றும். ஒவ்வொன்றையும் தனியாக ஓட்டி, கம்பியில் என்ன மாறுகிறது என்று பார்த்தார். இந்தச் செயலுக்கு இந்த பைட், அந்தச் செயலுக்கு அந்த பைட் என்று பொருள் பிடிபட்டது. பொருள் பிடிபடாத பைட்களை அப்படியே திருப்பிச் சொல்ல வைத்தார். சில நாள்களில் ஒரு கோப்பைப் படிக்க முடிந்தது. இன்னும் ஒரு வாரத்தில் சன் கணினியின் வட்டு, டாஸ் பிசியில் ஒரு டிரைவாகத் தெரிந்தது. 1992 ஜனவரியில் ‘சர்வர் 0.1’ என்று அதை வெளியிட்டார். அடுத்த ஒரு மாதத்துக்குள் 0.5, அதன் பின்னாலேயே 1.0.

இதை வெளியிடலாமா என்று அவர் டிஜிட்டல் நிறுவனத்தில் ஒருவரிடம் கேட்டபோதுதான் நெட்பயாஸ் என்ற சொல்லை முதன்முதலில் கேள்விப்பட்டார். அது 1987இலேயே பொது ஆவணமாக வந்துவிட்டது என்று தெரிந்து, தேடி எடுத்துப் படித்தார். தான் எழுதியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் இருந்தது. காரணம், அந்த ஆவணம் பெயர் பதிவையும் பொட்டலம் கட்டும் முறையையும் பற்றியது. அவர் எழுதியதோ பொட்டலத்துக்கு உள்ளே இருக்கும் எஸ்எம்பியை. ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு அடுக்குகள் இருந்ததை அவர் இன்னும் பிரித்து அறியவில்லை.

பிறகு அந்தச் சாளரங்களைத் தானே காட்டும் எக்ஸ் டெர்மினல் மேசைக்கு வந்தது; எக்ஸ்கர்ஷன் தேவைப்படவில்லை. திட்டத்தை ஓரமாக வைத்தார். யாராவது இதை எடுத்து நடத்துங்கள் என்று அறிவிப்பு வைத்தும் ஒருவரும் வரவில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அது தூங்கியது.

வீட்டில் மறுபிறப்பு

அது மறுபடி எழுந்தது வீட்டில். 1993இன் கடைசியில் ட்ரிட்ஜெல் வீட்டில் லினக்ஸ் போட்ட தன் கணினியையும் மனைவியின் விண்டோஸ் கணினியையும் இணைக்க வேண்டியிருந்தது. இன்று நம் வீடுகளில் வரும் அதே தேவை. தன் பழைய நிரல் லேன் மேனேஜரோடும் ஒத்துப்போகும் என்று சிலர் சொல்லியிருந்தது நினைவுக்கு வர, அதை ஏற்றிப் பார்த்தார். வேலை செய்தது. டிஜிட்டலின் தனிப்பட்ட பேச்சு என்று நினைத்து அவர் கற்றுக்கொண்டது, விண்டோஸ் பேசும் மொழி. உலகமெங்கும் மேசைகளில் ஏறிக்கொண்டிருந்த அத்தனை விண்டோஸ் கணினிகளோடும் யூனிக்ஸைப் பேசவைக்கும் சாவி, இரண்டு ஆண்டுகளாக அவர் கையிலேயே இருந்திருக்கிறது.

1993 டிசம்பர் 1 அன்று ‘யூனிக்ஸுக்கு நெட்பயாஸ்’ என்று திட்டத்தை அறிவித்தார். இந்த முறை குனூ பொது உரிமத்தின் கீழ்: யாரும் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பகிரும்போது மற்றவர்க்கும் அதே உரிமையைத் தர வேண்டும். முன்பு ஒருவரும் வராத திட்டத்துக்கு இப்போது ஆட்கள் வந்தார்கள். ஜெரமி அலிசன் வந்து, பின்னாளில் ட்ரிட்ஜெல்லுக்கு இணையான தூணாக நின்றார். ட்ரிட்ஜெல் பணம் கேட்கவில்லை. பீட்சா அனுப்பினால் மகிழ்ச்சி என்றார். கடல் கடந்து இருப்பவர் கான்பெராவுக்கு எப்படி பீட்சா அனுப்புவது என்ற விளக்கமும் மென்பொருளின் ஆவணங்களோடு சேர்ந்தே வந்தது.

இந்தத் திட்டத்தின் மென்பொருளுக்கு அப்போது இருந்த பெயர் எஸ்எம்பிசர்வர். அந்தப் பெயருக்கு வேறொரு நிறுவனம் வணிக உரிமை வைத்திருந்ததால் 1994இல் மாற்ற வேண்டியதாயிற்று. யூனிக்ஸின் சொற்பட்டியலில் எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் இதே வரிசையில் வரும் சொற்களைத் தேடினார். கிடைத்த சிலவற்றுள் சாம்பா பொருத்தமாக இருந்தது.

காபிக் கடையில் உட்கார்ந்து

தாங்கள் இந்த மொழியை எப்படிக் கற்றோம் என்பதைப் பின்னாளில் ட்ரிட்ஜெல் விளக்கியிருக்கிறார். பிரெஞ்சு தெரியாத ஒருவர் பிரெஞ்சு காபிக் கடையில் போய் உட்கார்வதுபோல என்றார் அவர். யார் என்ன சொல்லிக் கேட்கிறார்கள், பரிமாறுபவர் எதைக் கொண்டுவந்து வைக்கிறார் என்று நாள் முழுக்கக் கவனித்தால் உணவின் பெயர்கள் பிடிபடும். ஆனால் யாரும் கேட்காத பண்டத்தின் பெயர் கடைசிவரை தெரியாது. ஆகவே அடுத்த கட்டமாக, நாமே ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். எஸ்எம்பியில் கட்டளைக்கு ஒதுக்கியது ஒரு பைட். எனவே 256 கட்டளைகள்தான் இருக்க முடியும். அத்தனையையும் அனுப்பி, எதற்கு என்ன பதில் வருகிறது என்று பார்த்தார்கள். ‘எனக்குத் தெரியாது’ என்ற பதிலுக்கும் ‘நீ கேட்ட விதம் தப்பு’ என்ற பதிலுக்கும் இருக்கும் வேறுபாட்டிலிருந்தே, இல்லாத கட்டளை எது, இருந்தும் மறைந்திருப்பது எது என்று பிரித்தார்கள். அதன் பிறகு, ஒரே கேள்வியை விண்டோஸிடமும் சாம்பாவிடமும் கேட்டுப் பதில்களை ஒப்பிட்டார்கள். வேறுபட்ட இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம்.

பிழைச் செய்தியைப் பார்த்து எரிச்சல்படுகிறவர்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாம்பாவைக் கட்டியவர்களுக்குப் பிழைச் செய்திதான் பாடம். மறுப்பது ஒருவகைப் பதில். பதிலே வராமல் போவது முற்றிலும் வேறு. இரண்டையும் ‘வேலை செய்யவில்லை’ என்ற ஒரே சொல்லில் அடக்கினால் பழுது கையில் அகப்படாது.

வரிசை தப்பாத சோதனை

சாம்பாவின் பழைய ஆவணங்களில் ட்ரிட்ஜெல் எழுதிய ஒரு பழுதறியும் பட்டியல் இருக்கிறது. அதன் சிறப்பு அதன் வரிசை. முதலில் அமைப்புக் கோப்பு பிழையில்லாமல் இருக்கிறதா என்று டெஸ்ட்பார்ம் கட்டளையால் பார். பிறகு இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று பிங் செய்ய முடிகிறதா பார். பிறகு சர்வரில் இருந்தபடியே பகிர்வுகளின் பட்டியலை வாங்கிப் பார். பிறகு பெயர்த் தேடல். பிறகு பகிர்வுக்குள் நுழைதல். கடைசியில்தான் விண்டோஸின் சாளரத்தில் கணினிகளின் பட்டியல் தெரிகிறதா என்ற சோதனை. ஒரு படி தேறாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

நாம் செய்வது இதற்கு நேர் எதிர். கடைசிப் படியான ‘நெட்வொர்க்’ சாளரத்தை முதலில் திறந்து, அங்கே கணினி தெரியாவிட்டால் எல்லாமே கெட்டுவிட்டதாக நினைக்கிறோம். அந்தப் பட்டியல் மிக நலிந்த அங்கம். நெட்பயாஸ் காலத்தில் அதைப் பராமரிக்கக் கணினிகள் தங்களுக்குள் தேர்தல் நடத்தி ஒன்றைப் பொறுப்பாக்கும். மற்றவை 12 நிமிடத்துக்கு ஒருமுறை ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்லும். மூன்று முறை தவறினால்தான் பெயர் நீங்கும். ஆகவே அணைத்துவிட்ட கணினி அரை மணிக்கு மேலும் பட்டியலில் இருக்கும். இருக்கும் கணினி பட்டியலில் இல்லாமலும் போகும். பட்டியலில் இல்லை என்பதால் பகிர்வு இல்லை என்று ஆகாது. முகவரிப் பட்டியில் இரண்டு பின்சாய்கோடு போட்டு ஐபி முகவரியை நேரடியாக எழுதினால், பெரும்பாலும் கதவு திறந்துவிடும். திறந்தால், பழுது பகிர்வில் இல்லை, பெயரில் என்று அறிந்துகொள்ளலாம்.

எஸ்எம்பி உரையாடலும் வரிசை மாறாதது. முதலில் இணைப்பு: இன்று 445ஆம் போர்ட், அந்நாளில் 139. அடுத்து, எந்தப் பதிப்பில் பேசலாம் என்ற உடன்பாடு. அடுத்து, நீ யார் என்ற கேள்வி. அடுத்து, எந்தப் பகிர்வு வேண்டும். கடைசியில் கோப்பு. வீட்டில் நேரும் பழுதுகள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஐந்தில் ஒன்றில் அடங்கும்.

இணைப்பே கிடைக்காவிட்டால், விண்டோஸ் வீட்டு வைஃபையைப் பொது வலையமைப்பு என்று குறித்துவைத்து, ஃபயர்வாலால் அடைத்திருக்கலாம். அல்லது ஒரு கருவி ரவுட்டரின் விருந்தினர் வைஃபையில் இருக்கலாம். அங்கே கருவிகளைப் பிரித்து வைப்பது வழக்கம். பகிர்வு திறந்தும் கோப்பு எழுதப்படாவிட்டால், சாம்பாவின் அமைப்பில் அனுமதி தந்துவிட்டு லினக்ஸின் கோப்பு அனுமதியை மறந்திருப்போம். இரண்டு இடத்திலும் அனுமதி இருந்தால்தான் வழி உண்டு. நடுவில் இருக்கும் இரண்டு கட்டங்களுக்கும், கடவுச்சொல்லுக்கும் பதிப்புக்கும், தனி வரலாறு இருக்கிறது.

கடவுச்சொல்லும் பெயரும்

லினக்ஸில் சரியாக நுழையும் அதே கடவுச்சொல்லை சாம்பா ஏற்க மறுப்பது புதியவர்களைக் குழப்பும் பழுது. தொடக்கத்தில் கடவுச்சொல் கம்பியில் அப்படியே வெளிப்படையாகப் போனது. சாம்பா அதை யூனிக்ஸிடம் சரிபார்த்துக்கொண்டது. 1997இல் விண்டோஸ் என்டி 4இன் மூன்றாம் சர்வீஸ் பேக் வெளிப்படையாக அனுப்புவதை நிறுத்தியது. அதன் பின் போவது மறையாக்கிய பதில். அதைச் சரிபார்க்க, கடவுச்சொல்லிலிருந்து விண்டோஸ் முறையில் கணித்த சுருக்கம் தேவை; யூனிக்ஸ் வைத்திருந்ததோ வேறு முறையில் கணித்தது; ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெற வழியே இல்லை. ஆகவே சாம்பா தனக்கென்று கடவுச்சொல் பதிவேடு வைத்துக்கொண்டது. எஸ்எம்பிபாஸ்வேர்டு கட்டளையால் பயனரை அதில் தனியாகச் சேர்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

தமிழுக்கும் இந்த வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. 2003இல் வந்த சாம்பா 3.0தான் கம்பியில் யூனிகோடு பேசத் தொடங்கியது. அதற்கு முன்பு கோப்புப் பெயர்கள் அந்தந்த மொழிக்குரிய குறிமுறைப் பக்கங்கள் வழியே போயின. விண்டோஸில் தமிழுக்கு அப்படியொரு பக்கம் கிடையாது, யூனிகோடு மட்டும்தான். தமிழில் பெயரிட்ட கோப்பு இன்று விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒன்றுபோலத் தெரிவதற்கு அந்த மாற்றமே வழி திறந்தது.

திறந்த கதவு, மூடிய பதிப்பு

ஒட்டுக் கேட்டே கற்க வேண்டிய நிலை நீதிமன்றம்வரை போனது. பிற நிறுவனங்களின் சர்வர்கள் விண்டோஸோடு பேசத் தேவையான விவரங்களைத் தர மறுத்தது உள்ளிட்ட காரணங்களுக்காக 2004இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2007 செப்டம்பரில் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது. அந்த டிசம்பரில் 10,000 யூரோ கட்டணத்துக்கு ஆவணங்கள் சாம்பா அணிக்குக் கிடைத்தன. அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்ட் 30,000 பக்கங்களுக்கும் மேல் பொதுவில் வெளியிட்டது. 2012 டிசம்பரில் வந்த சாம்பா 4.0, விண்டோஸ் களத்தையே (டொமைன்) நிர்வகிக்கும் சர்வராக வளர்ந்திருந்தது. கான்பெராவில் ஒரு மாணவர் பொருள் தெரியாமல் திருப்பிச் சொன்ன பைட்களுக்கு இப்போது எழுதிவைத்த விளக்கம் யாருக்கும் கிடைக்கும்.

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் தாக்கியது. விண்டோஸின் எஸ்எம்பி முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியே அது கணினிக்குக் கணினி பரவியது. அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10இன் புதிய நிறுவல்களிலிருந்து அந்த எஸ்எம்பி பதிப்பை மைக்ரோசாஃப்ட் நீக்கத் தொடங்கியது. 2019இல் சாம்பா 4.11உம் அதை இயல்பாக அணைத்தது. பழைய பதிப்பை மட்டும் அறிந்த சேமிப்புப் பெட்டிகள் வீடுகளில் ஊமையாயின. பழைய நெட்பயாஸ் பட்டியலும் அதோடு போனது. விண்டோஸ் இப்போது வேறொரு கண்டறியும் முறையைப் பயன்படுத்துகிறது. அதை சாம்பா தானாகப் பேசுவதில்லை, தனியாக ஒரு துணை நிரல் வேண்டும். முதல் பதிப்பை மீண்டும் இயக்குங்கள் என்று சொல்லும் அறிவுரைகள் நிறைய உலவுகின்றன. அதைக் கேட்காதீர்கள். பெட்டியின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். முடியாவிட்டால் பெட்டியை மாற்றுங்கள். வீட்டுப் படங்களையும் ஆவணங்களையும் அந்த ஓட்டைக்கு முன்னால் வைப்பது தகாது.

பழுது பார்ப்பதென்பது அமைப்புகளைக் கண்டபடி மாற்றுவது அல்ல என்பதற்கு இந்த மென்பொருளின் பிறப்பே சான்று. ஒரு நேரத்தில் ஒரு செயல், அதற்கு ஒரு பதில். அந்தப் பதிலை வைத்து அடுத்த கேள்வி. ட்ரிட்ஜெல் ஒரு மொழியையே இப்படித்தான் மீட்டார். வீட்டு வலையமைப்பில் நமக்கு வேண்டியது ஒரு வாக்கியம்தான். அதற்கு வேண்டிய கருவிகளும் இன்று இலவசம். அன்று அவர் சாக்ஸ்பை எழுதிப் பிடித்த உரையாடலை இன்று வயர்ஷார்க் என்ற கருவி பெயரிட்டு, பொருள் சொல்லிக் காட்டுகிறது. சாம்பாவின் பதிவு நிலையைச் சற்று உயர்த்தினால், யார் வந்தார், எந்தப் பதிப்பில் பேசினார், எந்தக் கட்டத்தில் திருப்பி அனுப்பப்பட்டார் என்று அதுவே எழுதிவைக்கும். சாம்பாவைக் கட்டியவர்கள் மறைத்து வைத்திருந்த ஒரு மொழியைத் தாங்களே படித்து, படித்ததை எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். சாம்பா எழுதிவைக்கும் பதிவுகளை உட்கார்ந்து படிப்பதுதான் அந்த உழைப்புக்கு நாம் செய்யக்கூடிய நேர்மையான பதில்.